என் ஓட்டைப் போட நானே போன கதை

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத அக்காவுக்கு,

இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியதால் உயிரோடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நீ அழுவாய், மீதியில் நான் அழுவேன், அத்தான் போனை வாங்கி "அங்க மழை உண்டா?" என்று கேட்பார், விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நீ வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதை மீறி நேற்று நான் ஓட்டுப் போடப் போனேன். அதுவும் சுடிதாரில்.

உடனே கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு அத்தானைக் கூப்பிடாதே, முழுக்கப் படி. எட்டு வருடமாக நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் என்பது உனக்குத் தெரியும். என் வாக்காளர் அட்டையில் இருப்பது பழைய பெயர், பழைய படம், அந்தப் படத்தில் ஒரு மீசை. அதை மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை விண்ணப்பம் போட்டேன். மூன்றாவது தடவை அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறவரு நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தாம்மா மாத்த முடியும்" என்றார். "நான்தான் சார் அவரு" என்றேன். "அப்படின்னா படத்துல இருக்கற மாதிரி வாங்க, வேற மாதிரி மாத்தித் தரேன்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை அக்கா, உண்மையாகவே உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து அட்டையை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

அதோடு போயிருக்கும். போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒருவர் தெருவுக்கு வந்திருக்கிறார். நான் அப்போது பல்செட் செய்யும் பட்டறையில் யாருக்கோ மேல்தாடைப் பல்வரிசையை மெழுகில் பொருத்திக்கொண்டிருந்தேன். வந்தவர் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் என் பழைய பெயரைச் சொல்லி "இப்படி ஒருத்தர் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா "அப்படி யாரும் இங்க இல்லை" என்று சொல்லிவிட்டார். பத்தே நாளில் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இந்த முகவரியில் இன்னார் என்று யாரும் இல்லை என்று தெரியவருகிறது, இந்த உள்ளாட்சித் தேர்தலில் நேரில் வந்து வாக்களிக்காவிட்டால் இறந்தவராகவோ இடம் மாறியவராகவோ கருதிப் பெயர் நீக்கப்படும் என்று. இடம் மாறியவர் என்றாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். இறந்தவர் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நானே கஷ்டப்பட்டு இந்த வயதில்தான் வாழ ஆரம்பித்திருக்கிறேன், அதற்குள் என்ன அவசரம்?

"ஒரே ஒரு நாள்தானே, பழைய சட்டையைப் போட்டுக்கிட்டுப் போய் ஓட்டைப் போட்டுட்டு வந்துடு" என்று நீ போனில் சொன்னாய். நீ சொன்னதை நான் தட்டியது இல்லை. நேற்றுக் காலை நிஜமாகவே அந்தச் சட்டையைத் தேடி எடுத்தேன். பொத்தான் போட்டேன். மார்புக்கு மேல் மூன்றாவது பொத்தான் மாட்டிக்கொள்ள மறுத்தது. தலைமுடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், புருஷன் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு ஓடும் பெண்பிள்ளை மாதிரி இருந்தேன். அந்தக் கோலத்தில் போனால் ஓட்டுச்சாவடி வரை போக வேண்டியதில்லை, தெருமுனையிலேயே பிடித்துக்கொள்வார்கள். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகை வந்தது, பிறகு மணி எட்டாகிவிட்டது. எந்த உடையில் போனாலும் ஆள்மாறாட்டம் என்றுதான் சொல்லப்போகிறார்கள், என் சொந்த உடையிலாவது மாட்டிக்கொள்வோம் என்று நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. கள்ள ஓட்டு என்று கத்துவார்கள். போலீஸ் பிடிக்கும். பிடித்தால் எந்த அறையில் அடைப்பார்கள்? ஆண்கள் அறை என்றால் என் கதி என்ன? பெண்கள் அறை என்றால் அங்கே இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? பட்டறை முதலாளிக்கு யார் தகவல் சொல்வது? மெழுகில் பாதி நிற்கும் அந்தப் பல்வரிசையின் சொந்தக்காரர் எத்தனை நாள் கஞ்சி குடிப்பார்? இப்படி நான் சிறையில் ஆறு மாதத்தைக் கழித்து முடித்தபோது பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது.

வாசலிலேயே முதல் கண்டம். சுவரில் சுண்ணாம்பால் இரண்டு அம்புக்குறி. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். கையில் இருக்கும் அட்டை ஒரு பக்கம் போ என்கிறது, உடம்பில் இருக்கும் துணி மறுபக்கம் போ என்கிறது. ஆண்கள் வரிசையில் நின்றால் அவர்கள் கத்துவார்கள். பெண்கள் வரிசையில் நின்றால், உள்ளே பெயரைப் படித்த பிறகு அவர்கள் கத்துவார்கள். எது முதலில் என்பதுதான் வித்தியாசம். கால் ஓடாமல் இரண்டுக்கும் நடுவில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பிப் பார்க்கிறேன், என் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்! ஒரு தாத்தா, கைக்குழந்தையோடு ஒருத்தி, ஹெல்மெட் போட்டபடி ஒருவர். போலீஸ்காரர் தடியைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இது என்ன வரிசை?"

ஹெல்மெட்காரர்தான் பதில் சொன்னார். "தெரியலை சார். இந்த அம்மா நின்னுட்டிருந்தாங்க, சீக்கிரம் நகரும்போல இருக்குன்னு நாங்களும் நின்னோம்."

"ஆம்பளைங்க அந்தப் பக்கம், பொம்பளைங்க இந்தப் பக்கம். ஏம்மா, நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, எழுதியிருக்கறது தெரியலையா?" என்று சொல்லி என்னைப் பெண்கள் வரிசையில் கொண்டுபோய் விட்டார். அக்கா, பயத்தின் நடுவிலும் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் அந்தப் போலீஸ்காரரைக் கும்பிடத் தோன்றியது. வரிசையில் எனக்கு நாலு பேர் தள்ளிப் பின்னால் எங்கள் வீட்டுக்கார அம்மா நின்றிருந்ததைப் பார்த்ததும் அந்த நிமிடம் முடிந்துவிட்டது. ஏழு வருடமாக அந்த அம்மா என்னோடு பேசுவது தண்ணீர் மோட்டார், மாடிப்படி, குப்பைக்கூடை, இந்த மூன்றைப் பற்றித்தான். அதுவும் சத்தம் போட்டு.

உள்ளே மூன்றாம் வகுப்பு அறை. குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் அதிகாரி அட்டையை வாங்கினார். என் பழைய பெயரை, கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல, உரக்கப் படித்தார். படித்துவிட்டு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"அவரு வரலையாம்மா?"

நான் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"புருஷன் ஓட்டைப் பொண்டாட்டி போட முடியாதும்மா. அவருக்கு உடம்பு முடியலைன்னாலும் அவரேதான் வரணும்."

"அவரு... வந்திருக்காரு சார்."

"எங்க?"

"நான்தான் சார்."

என் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பயந்தால் இன்னும் இரண்டு படி கீழே இறங்கிவிடும். அடுத்த நொடி சுவரோரம் உட்கார்ந்திருந்த இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் ஒரே நேரத்தில் எழுந்து "ஆட்சேபணை!" என்றார்கள். காலையிலிருந்து ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போகாதவர்களாம், மை வைக்கும் பெண் பிறகு சொன்னாள். என் விஷயத்தில் கைகோத்துவிட்டார்கள். வரிசையில் யாரோ "கள்ள ஓட்டு" என்றார்கள். வெளியே நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். குட்டி பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன், அது என்னோடு சேர்ந்து நடுங்கியது.

தலைமை அதிகாரி வந்தார். நல்ல வியர்வை. விதிமுறைப் புத்தகத்தை முன்னாலிருந்து பின்னால் புரட்டினார், பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். "ஆள் அடையாளம் சந்தேகமா இருந்தா, தெரிஞ்சவங்க யாராவது உறுதி சொல்லணும்னு இருக்கு. இவங்களை இங்க யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி சிறைதான் என்று தீர்மானமாகிவிட்டது.

"எனக்குத் தெரியும்" என்று ஒரு குரல். மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தும் அதே குரல். வீட்டுக்கார அம்மா வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். என்னை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்காது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் வீட்டுக் கீழ் போர்ஷன்ல ஏழு வருஷமா இருக்கு. பல்லு செய்யற வேலை. ராத்திரி பகல் தெரியாம மோட்டாரைப் போட்டுட்டு மறந்துடும். மாடிப்படியில செருப்பை விடாதேன்னு தலைகீழா நின்னு சொல்லியாச்சு, கேக்காது. குப்பையைச் செவ்வாக்கிழமை வைன்னா புதன்கிழமை வைக்கும். வந்தப்ப மீசையோடதான் வந்துச்சு, அப்பவும் இதே லட்சணம்தான். இதுல என்ன சந்தேகம் உங்களுக்கு?"

ஒரு ஏஜெண்டு விடவில்லை. "பட்டியல் சரிபார்க்க வந்தப்ப இந்தப் பேர்ல ஆளே இல்லைன்னு சொன்னது நீங்கதானே?"

"அவரு வந்து ஒரு ஆம்பளையக் கேட்டாரு. என் வீட்டுல ஆம்பளை யாரும் இல்லை, இல்லைன்னேன். பொய்யா சொன்னேன்?"

அதற்குப் பதில் அந்தப் புத்தகத்தில் இல்லை. தலைமை அதிகாரி புத்தகத்தை மூடிவிட்டு, "கையெழுத்துப் போடுங்க... ங்க" என்றார். சார் என்பதா, அம்மா என்பதா என்று முடிவு செய்ய முடியாமல் வெறும் 'ங்க'வாக விட்டுவிட்டார். போட்டேன். மை வைக்கும் பெண் என் விரலைப் பிடித்து, "கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு? பயப்படாதீங்கக்கா" என்றாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனேன். உள்ளே தனியாக நின்றதும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சின்னங்கள் எல்லாம் கலங்கித் தெரிகின்றன. துடைத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, முத்திரையைக் குத்தி, மடித்து, பெட்டியில் போட்டேன். விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவு சின்னச் சத்தம் அக்கா.

வெளியே வந்ததும் படியில் கால் தடுமாறியது. அடுத்ததாகத் தன் ஓட்டையும் போட்டுவிட்டு வந்த வீட்டுக்கார அம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட வாசல் தாண்டும்வரை விடவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணும் சொல்லாதே, எனக்கும் உள்ள படபடன்னு அடிச்சுக்குது" என்றார்.

ஆக, நான் செத்துப்போகவில்லை என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. இனி ஐந்து வருடத்துக்கு அந்தப் பள்ளிக்கூடப் பக்கம் போக வேண்டியதில்லை. பயம் முழுக்க விட்டுப்போய்விட்டது. "நான் வேணும்னா கூட வரட்டுமா?" என்று நீ போனை வைக்கும்போது அரைமனதாகக் கேட்டாயே, அதற்கும் இனி அவசியம் இல்லை. நீ சங்கடப்பட வேண்டாம், ஊரார் கேட்பதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம். என்னால் தனியாகவே எல்லாம் முடிகிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைப் போல் பயந்தாங்கொள்ளியாக இல்லாமல், தைரியமாக வளர வேண்டும். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

என்றும் உன் கூடப்பிறந்தவள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தெருவில் ஒலிபெருக்கி வண்டி வந்தது. எங்கள் சாவடியில் நடந்த வாக்குப்பதிவு செல்லாதாம், வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லோரும் மறுபடி வந்து போட வேண்டுமாம். காரணத்தை வீட்டுக்கார அம்மா விசாரித்துவந்து மாடியிலிருந்தே கத்திச் சொன்னார். பெட்டியில் இருந்த சீட்டு அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று கூட்டினால் அறுநூற்றுப் பதின்மூன்று வருகிறதாம். எனக்கு மட்டும்தான் புரிந்தது, ஆண்கள் கணக்கு எழுதிய முதல் அதிகாரி அட்டையைப் பார்த்து என்னை அதில் சேர்த்திருக்கிறார், பெண்கள் கணக்கு எழுதிய மை வைக்கும் பெண் என்னைப் பார்த்து அதிலும் சேர்த்திருக்கிறாள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. கூடுதலாக வந்த அந்த ஒரு ஆள் யார் என்று ஊரே தேடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கார அம்மா சனிக்கிழமை மகன் வீட்டுக்குப் போகிறார். பயம் விட்டுப்போய்விட்டது என்று மேலே எழுதியதை அடித்துவிடு, தனியாக முடிகிறது என்றதையும் அடித்துவிடு. சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடு அக்கா.