எதையும் கட்டியதில்லை என்பதற்கான சான்றிதழ்

ஒரு காட்டில், கூடு கட்டத் தெரிந்தவர்களைவிடக் கூடு கட்டப் படித்தவர்களுக்கே மதிப்பு மிகுந்திருந்த காலத்தில், கீரன் என்னும் இளம் தூக்கணாங்குருவி வாழ்ந்து வந்தது. ஆனி மாதக் காற்றில் குடும்பத்தின் பழைய கூடு அறுந்து விழுந்தபோது, கீரன் பதினெட்டே நாளில் ஏரிக்கரைப் பனையில் புதிய கூடொன்றைப் பின்னி முடித்தது. தாயும், இறகு முளைக்காத இரண்டு தங்கைகளும் அதில் குடியேறின. காற்று அடித்தது, கூடு ஆடியது, உள்ளிருந்த எவரும் விழவில்லை.

தந்தைக் குருவி இதைக் கண்டு மகிழவில்லை, கவலைப்பட்டது.

"நல்லாத்தான் கட்டியிருக்கே. ஆனா கேக்கிறவங்ககிட்ட என்னன்னு சொல்றது? பையன் ஓலை கிழிக்கிறான்னா? கட்டடக்கலை படிச்சாத்தான் நாலு கிளையில நிமிர்ந்து உக்கார முடியும்."

அக்காட்டில் அந்த ஐந்தாண்டுப் படிப்பைக் கற்பித்த கல்லூரிகள் இரண்டு. நேரில் பார்த்து முடிவெடுப்பது என்று தந்தையும் மகனும் புறப்பட்டன.

முதலாவது, கறையான்கள் நடத்திய புற்று. வாயில் கவ்வியிருந்த மண்ணைக் கீழே வைத்துவிட்டு ஒரு கிழக் கறையான் பேசியது.

"அஞ்சு வருஷப் படிப்புங்க. முதல் வருஷம் மண் சுமக்கணும். ரெண்டாம் வருஷம் குழைக்கணும். மூணாம் வருஷம், மத்தவங்க கட்டினது ஏன் இடிஞ்சு விழுந்துச்சுன்னு போய்ப் பாக்கணும்."

"குளுகுளு வகுப்பறை உண்டா?" என்றது தந்தை.

"இப்ப நீங்க நிக்கிறதே வகுப்பறைதாங்க. வெயில் தெரியுதா?"

தெரியவில்லை. ஆனால் தந்தைக் குருவி தன் காலில் ஒட்டியிருந்த மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"முதல்வரைப் பாக்கணுமே."

"பின்சுவர்ல வேலையா இருக்காருங்க."

வெளியே வந்ததும் கீரன் கேட்டது: "அப்பா, உள்ளே காத்து எப்படி வருதுன்னு கவனிச்சீங்களா? ஒரு சன்னல்கூட இல்லை."

"கவனிச்சேன். சன்னல்கூட இல்லாத காலேஜ். முதல்வரே மண் சுமக்கிறாரு. வா போகலாம்."

இரண்டாவது, மலையுச்சியில் இருந்தது. முழுவதும் கண்ணாடி. நண்பகலில் அதனுள் எவரும் அமர முடியாது என்பதால் மாணவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தனர். "மரத்தடி வகுப்பு வேற வச்சிருக்காங்க பாரு" என்று தந்தை மெய்சிலிர்த்தது.

முதல்வர் குயில். குரல் இனிமையானது. அதன் பிள்ளைகள் காக்கை வீட்டில் வளர்ந்தன என்பதைக் காடே அறியும். அதை வாய்விட்டுச் சொல்லும் அநாகரிகம் காட்டில் எவருக்கும் இல்லை, கீரனுக்கு இருந்தது.

"ஐயா, நீங்க கட்டின கூடு ஏதாவது ஒண்ணு பாக்கலாமா?"

தந்தை கீரனின் வாலைக் கொத்தியது. குயில் சினம் கொள்ளவில்லை.

"கட்டுபவனுக்குக் கூடு மட்டுமே தெரியும், தம்பி. நான் கூடு என்னும் சிந்தனையைக் கற்பிக்கிறேன். இருக்கட்டும். நீ ஒரு கூடு கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அதன் மையக்கருத்து என்ன?"

"தங்கச்சிங்க கீழே விழக் கூடாது."

"அது கருத்து அன்று, கவலை." குயில் தந்தையின் பக்கம் திரும்பியது. "இவனுடைய கை பழகிவிட்டது. பழகிய கையை நாங்கள் சேர்ப்பதில்லை. இவன் இதுவரை எதையும் கட்டியதில்லை என்று சான்றிதழ் கொண்டு வாருங்கள். ஓர் இடம் இருக்கிறது. நாளை மாலை வரைதான் இருக்கும்."

காட்டில் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் ஓணானிடம் இருந்தது. எதைக் கேட்டாலும் தலையாட்டும் நல்லியல்பே அதை அப்பதவிக்கு உயர்த்தியிருந்தது. மறுநாள் காலை தந்தை கேட்டதற்கும் ஆட்டியது. பிறகு பனையை நிமிர்ந்து பார்த்தது.

"அது என்னங்க தொங்குது?"

"அது சும்மா. பையன் விளையாட்டா பின்னினது."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா அது தொங்குற வரைக்கும் நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்கு யாராவது கேட்டா என் வேலை போயிடும்."

தந்தை பனையடியிலிருந்து குரல் கொடுத்தது: "உன் மகனுக்கு மலையுச்சியில இடம் கிடைச்சிருச்சு. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுக் கொஞ்சம் வெளியே வா."

"புத்துல இந்தச் சான்றிதழ் கேக்கலியே அப்பா" என்றது கீரன்.

"எப்படிக் கேப்பாங்க? தரமான இடத்துலதான் கேப்பாங்க."

தாய் ஒரு குஞ்சை மட்டை மேல் இறக்கி வைத்துவிட்டுச் சற்றே தயங்கியது. "அங்க படிச்சா இவன் பேருக்கு முன்னாடி ஏதாவது போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்."

தாய் இரண்டாவது குஞ்சையும் இறக்கியது.

கூட்டைப் பிரிக்கும் முறை வேறு எவருக்கும் தெரியாததால் கீரனே பிரித்தது. பதினெட்டு நாள் உழைப்பு, உச்சிப்பொழுதுக்குள் நார் நாராகத் தரையில் கிடந்தது. ஓணான் மனநிறைவோடு கையெழுத்திட்டது. மாலைக்குள் கீரன் மலையுச்சியில் சேர்க்கப்பட்டது.

அன்றே மழை பிடித்துக்கொண்டது. வெறும் பனைமட்டையில் தாயும் தந்தையும் இரண்டு குஞ்சுகளும் ஒட்டி நின்றன. சற்றுத் தள்ளியிருந்த புற்றின் வாயிலிலிருந்து கிழக் கறையான் கூப்பிட்டது.

"குழந்தைங்க நனையுதுங்க. உள்ளே வாங்க, இடம் இருக்கு."

"மன்னிக்கணும்" என்றது தந்தை. "எங்க பையன் மலையுச்சியில கட்டடக்கலை படிக்கிறான். நாங்க போய்ப் புத்துல ஒதுங்கினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

கறையான் வாயிலை மழைக்கு அடைக்கப் போயிற்று. குஞ்சுகள் குளிரில் கீச்சிட்டன. தாய் அவற்றை அதட்டியது.

"சும்மா இருங்க. அண்ணன் படிச்சு முடிக்க அஞ்சே வருஷம்தான்."

நீதி: பிள்ளைகள் மழையில் நனைவது குறித்து வருந்தற்க, எந்தக் கல்லூரியின் பெயரால் நனைகிறார்கள் என்பதை மட்டும் தெளிவாக விசாரித்துக்கொள்க.