மிதிச்சா ரெண்டும் பிடிக்கும்

"இல்லண்ணே, கால் பிரேக்கை மிதிச்சா பின்னாடி மட்டும் பிடிக்காது. முன்னாடியும் சேர்ந்து பிடிக்கும்!"

யாரு கேட்டா? யாரும் கேக்கல. ரெங்கசாமி கேட்டது, "பக்கிரி, போலாமாப்பா?" அவ்வளவுதான்.

இப்படி ஒரு ரகம் இருக்குங்க. ஒரு சாமானை வாங்குவாங்க, மறுநாளே அதுக்கு வாத்தியாராயிடுவாங்க. புதுசா ஐஸ்பெட்டி வாங்கினவரு வீட்ல தண்ணி கேட்டுப் பாருங்க. உள்ள குளிர் எப்படி வருதுன்னு படிச்சு முடிக்காம ஒரு கிளாஸ் கெடைக்காது. நம்ம பிரிக்பீல்ட்ஸ் பக்கிரிசாமி வாங்கினது தூரப் பயணத்துக்கான ஒரு டூரிங் மோட்டாரு சைக்கிளு. எருமை கனம். பக்கத்து வீட்டு ரெங்கசாமி அன்னிக்குக் காலைல அதுல ஏறினது, அவரு தலையெழுத்து.

கிள்ளான்ல மக வீட்ல பேத்திக்குப் பேரு வைக்கிறாங்க. காதுல பேரைச் சொல்றது தாத்தா. ஆனா தாத்தா ரெண்டு பேராச்சே! "அப்பா, நீங்கதான் சொல்லணும்னு எனக்கு ஆசை. நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்துடுங்க, இல்லேன்னா மாமாவைச் சொல்லச் சொல்லிடுவாங்க"ன்னு மக போன்ல அழாத குறை. சம்பந்தி சின்னையாவோ பந்திங்லேருந்து மொத பஸ்ஸையே பிடிச்சிட்டாரு.

போற வழில, சுங்கை வே டீக்கடைல ஒரு பேப்பர்காரரு தன்னோட கப்சாயை, அதாங்க அந்தச் சின்ன மோட்டாரை, நிறுத்தியிருந்தாரு. பக்கிரிசாமிக்கு அது போதாதா?

"பாருங்கண்ணே, உங்களுதுல கை தனி, கால் தனி. ஜனங்க முன் பிரேக்குக்குப் பயந்துக்கிட்டு பின் பிரேக்கையே மிதிப்பாங்க, சறுக்கும். என்னுதுல ஒரே மிதி. பிரேக் எண்ணெய் பின் சக்கரத்துக்கும் போகும், முன்னாடி இருக்கிற ரெண்டு தட்டுல ஒண்ணுக்கும் போகும். நடுவுல ஒரு வால்வு, பின் சக்கரம் இறுகி நின்னுடாம அது பாத்துக்கும்."

"என் கப்சாய்க்கு பிரேக்கே இல்லண்ணே. செருப்புதான்."

"அலாமாக்! அப்ப உங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம்!"ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு.

சுபாங் ஜெயால பெட்ரோல் ஊத்தறவருகிட்ட அதே பாடம். ரெங்கசாமி சட்டையைப் பிடிச்சு இழுக்கிறாரு. "பக்கிரி, என் பேத்திப்பா!"

"பேத்தியா? பேத்தி உக்கார்ற மோட்டாருக்கு இந்த பிரேக்குதான் லா வேணும்!"

அப்படி இப்படின்னு கிள்ளான் வந்தாச்சு. வீட்டு முன்னால புது மணலு கொட்டியிருந்தாங்க. பக்கிரிசாமி ஹேண்டிலை ஒடிச்சு, மெதுவாத் திரும்பி, அந்தக் காலத்து கப்சாய் பழக்கத்துல காலால ஒரு மிதி மிதிச்சாரு. மணல்ல பின் சக்கரம் மட்டும் பிடிச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம். இது முன்னாடியும் சேர்ந்துல்ல பிடிக்கும்? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தாரு, சொந்தக் காலுக்கு எடுக்க மறந்துட்டாரு. சக்கரம் திரும்பி நிக்குது, கீழ மணலு. வேறென்ன நடக்கும்? தொபுக்கடீர்!

உள்ள சின்னையா பேத்தியை மடியில வச்சு, காதுகிட்ட குனிஞ்சுட்டாரு. சத்தம் கேட்டதும் குழந்தையை மருமக கையில குடுத்துட்டு ஓடி வந்தாரு. நல்ல மனுஷன். "என்னங்க ஆச்சு?"ன்னு கேட்டுப்புட்டாரு.

கேக்கலாமா? பக்கிரிசாமி கீழ கெடந்தபடியே அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. விடற ஆளா?

அந்த நேரத்துல ரெங்கசாமி மணலைத் தட்டாம உள்ள நொண்டி ஓடினாரு. மக நீட்டின குழந்தையை வாங்கி, மூணு தரம் காதுல பேரைச் சொல்லி, உச்சந்தலையை மோந்து பாத்தாரு. கண்ணுல தண்ணி, வாயெல்லாம் பல்லு.

சிரிக்காதீங்க. போன மாசம் நீங்க மிக்ஸி வாங்கினீங்களே, பாக்க வந்தவங்க டீயைக் குடிச்சு முடிச்சும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்களே, ஏன்னு கொஞ்சம் யோசிச்சீங்களா?

வெளியில சின்னையா மோட்டாரைத் தூக்கிவிடக் குனியறாரு. அடியில ஒரு காலு மாட்டியிருக்க, பக்கிரிசாமி சொல்றாரு:

"இருங்கண்ணே, தூக்காதீங்க லா! இப்படிப் படுத்திருந்தாத்தான் எண்ணெய்க் குழாய் எங்கேருந்து எங்க போகுதுன்னு நல்லாத் தெரியும்!"