கால் நீட்ட ஒரு திசை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கூச்சப்படாமல் காலை நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காலை நீட்ட இடம் கிடைக்காமல் திண்டாடிய ஒருத்தியின் கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

"இன்னாம்மா இது! மூஞ்சிக்கு நேரா காலக் காட்டிக்கினு வெல சொல்ற?"

கேட்டவள் ஆயம்மாள். கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிறவள். மகளின் வளைகாப்புக்கு வளையல் வாங்கக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்கு வந்தவள், மெஹ்ராஜ் பேகத்தின் வளையல் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, கட்டுப் போட்ட ஒரு இடது கால் அவளை வரவேற்றுக்கொண்டிருந்தது.

"ஐயோ, உனக்குக் காட்டலம்மா. ஆஸ்பத்திரில தூக்கி வெக்கச் சொல்லியிருக்காங்க."

"என் மூஞ்சிக்கு நேரா வெக்கச் சொன்னாங்களா?"

ஆயம்மாள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

முப்பது வருஷம் நின்றுகொண்டே ஊருக்கெல்லாம் வளையல் போட்டுவிட்ட கால் அது. ரத்தம் மேலே ஏறாமல் தேங்கி, நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. கடையில் விற்கும் பெரிய ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு இருக்கும். இரண்டு தடவை ஆறியது. இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

அதில் புண்ணின் தப்பு ஒன்றும் இல்லை. முதல் தடவை ஆறியதும், ஆயுசுக்கும் போடச் சொல்லிக் கொடுத்த இறுக்கமான சாக்ஸை, வளையல் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் திணித்து வைத்தாள். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் போட்டாள், பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் போடுகிற மாதிரி.

மூன்றாம் தடவை, கட்டுப் போடும் சிஸ்டர் எழில்மதி முறைத்தாள்.

"சாக்ஸ் எங்கம்மா?"

"ரொம்ப இறுக்குது சிஸ்டர்."

"என் கல்யாணத்துக்கு வளையல் இறுக்குதுன்னு நான் அழுதப்ப நீங்க இன்னா சொன்னீங்க? 'பொறுத்துக்கோ கண்ணு, இறுக்கிப் புடிச்சாதான் அழகு'ன்னு சோப்பத் தடவி ஏத்தலியா?"

எழில்மதி புதுக் கட்டை இறுக்கிச் சுற்றினாள்.

"நாங்க கட்டுப் போட்டு ஆத்திடுவோம். திரும்ப வராமப் பாத்துக்கிறது உங்க வேல. ஜாஸ்தி நேரம் நிக்காதீங்க. உக்காந்தா சாஞ்சுக்கினு, கால் நெஞ்சுக்கு மேல இருக்கணும். இந்தத் தடவ ஆறலன்னா தொடையிலேர்ந்து தோலு எடுத்து ஒட்டணும்."

அடுத்த மாதம் மகள் ஷிரினுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை அன்சர். அவனுடைய அம்மா ஜைத்தூன் பீ உளுந்தூர்பேட்டையில் மெஸ் நடத்துகிறவள். நல்ல இடம், தானாகத் தேடி வந்த இடம். அது கைநழுவிப் போகக் கூடாது. அதற்குள் கால் ஆறியாக வேண்டும். அதற்கு அதைத் தூக்கி வைத்தாக வேண்டும்.

எந்தப் பக்கம் வைப்பது?

வாசல் இருக்கும் கிழக்கே வைத்தால் வாடிக்கை போகிறது. மேற்கே திருப்பினாள்.

"ஏய், அது கிப்லா! தொழுவுற தெசையில காலயா நீட்டுவ?" என்று புருஷன் தஸ்தகீர் பதறினார்.

வடக்கே திருப்பினாள்.

"அங்க கல்லாப்பெட்டி! பரக்கத்து போய்டும், யாவாரம் வெளங்காது."

தெற்கே ஒரு அரைத் தடுப்புப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் டெய்லர் கந்தசாமி தாழ உட்கார்ந்து தைப்பார். பலகை மேல் காலை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பணிவான குரல் வந்தது.

"அக்கா, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. கட்டவெரலு என் காதுல படுது."

"வளையல்லகூட ஏழெட்டு சைஸு வருது. தெசை மட்டும் நாலோட நிறுத்திட்டாங்களே!" என்று மெஹ்ராஜ் பேகம் அலுத்துக்கொண்டாள்.

தஸ்தகீர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூலை எந்தத் திசையிலும் சேராது. மூலையைப் பார்க்கச் சரிவாக ஒரு மர ஸ்டூல் செய்ய ஏற்பாடு பண்ணினார். மேலே பழைய ஆட்டோ சீட்டின் பஞ்சு, அதன் மேல் சிவப்பு ரெக்ஸின். யார் கண்ணிலும் படாமல் இருக்கக் குறுக்கே ஒரு பழைய புடவையையும் திரையாகக் கட்டினார்.

கால் சுகமாக இருந்தது. வீக்கம்கூட வடிந்தது. ஆனால் புடவை கொஞ்சம் குட்டை. வாடிக்கையாளருக்குத் திரைக்கு மேலே தலையும், திரைக்குக் கீழே ஒற்றைக் காலும் மட்டும் தெரிந்தன.

மனசு கேட்காமல் திரும்பி வந்த ஆயம்மாள் அதைத்தான் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் ஏறிய டவுன் பஸ் கச்சிராயபாளையம் போய்ச் சேர்வதற்குள் மெஹ்ராஜ் பேகத்தின் காலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் பேச்சு கல்வராயன் மலை ஏறி இறங்குவதற்குள் மரக்காலும் பொருத்திவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஜைத்தூன் பீயிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு தயக்கம்.

"சம்மந்தி, நாளைக்குக் கடைக்கு வரோம். ஒண்ணு நேர்ல பாக்கணும்."

மெஹ்ராஜ் பேகம் போனை வைத்தாள். "ஒத்தக்கால் சம்மந்தி வேணாம்னு சொல்லத்தான் வராங்க."

"ரெண்டு கால் இருக்குன்னு சொல்லிடேன்" என்றார் தஸ்தகீர்.

"சொன்னா நம்புவாங்களா? காட்டணும்."

மறுநாள் காலையில் ஸ்டூலைத் தடுப்புக்கு மேலே தூக்கிக் கந்தசாமியிடம் கொடுத்தாள். திரையை அவிழ்த்தாள். பூசணிக்காய் மாதிரி புடைத்துத் தெரிந்த கட்டையும் பிரித்துப்போட்டு, புண்ணின் மேல் துணியை மட்டும் விட்டுவைத்தாள். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் நின்றாள்.

ஜைத்தூன் பீ புர்காவில் வந்தாள். கூடவே மாப்பிள்ளையின் தங்கை அப்சானா, கையிலிருந்த போனைப் பார்த்தபடி.

"உக்காருங்க சம்மந்தி."

"நீங்களும் உக்காருங்க."

"எனக்கு நின்னாதான் சொகம்!"

வளையல் காட்டினாள். முக்காலியில் ஏறி மேல்தட்டுப் பெட்டிகளை இறக்கினாள். மறுபடி ஏறி அவற்றையே அடுக்கினாள். ஒரு மணி நேரம் ஆகியும் ஜைத்தூன் பீ ஒரு வளையலையும் தொடவில்லை. நாற்காலியில் நெளிந்தாள். அவள் கண் மூலை மூலையாகத் தேடியது.

மரக்காலைத் தேடுகிறாள் என்று மெஹ்ராஜ் பேகத்துக்கு விளங்கிவிட்டது.

கடைசியில் ஜைத்தூன் பீ மெல்ல ஆரம்பித்தாள். "சம்மந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. மரத்துல ஏதோ செஞ்சு வெச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க..."

"மரமும் இல்ல, மட்டையும் இல்ல! நல்லாப் பாத்துக்கங்க!"

மெஹ்ராஜ் பேகம் இடது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தாள். நம்பிக்கை வர இன்னொரு தடவையும் மிதித்தாள். இரண்டாவது மிதியில் வெதுவெதுவென்று ஏதோ பாதத்தில் இறங்கியது. வெள்ளை டைல்ஸில் சிவப்பாக ஒரு தடம்.

அந்த நேரம் பார்த்துத் தடுப்புக்கு மேலே சிவப்பு ரெக்ஸின் எழும்பி வந்தது.

"அக்கா, இத நீங்களே வெச்சுக்கங்க. ரவிக்கைக்கு அளவு குடுக்க வந்தவங்க உக்காந்து சறுக்கி வுழுந்துட்டாங்க."

இனி மறைக்க எதுவும் மிச்சம் இல்லை. மெஹ்ராஜ் பேகம் தொப்பென்று நாற்காலியில் சாய்ந்து, ஸ்டூலை இழுத்துக் காலைத் தூக்கி வைத்தாள்.

"பாத்துக்கங்க சம்மந்தி. காலு இருக்கு. புத்திதான் இல்ல. ஒரு சாக்ஸப் போட்டிருந்தா ரெண்டு வருசம் முன்னாடியே முடிஞ்சிருக்கும். ஊரு சிரிக்கும்னு மறச்சேன், இப்போ ஊரே சிரிக்குது. என் பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க. கொறையெல்லாம் இந்தக் காலோடதான். அவள வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

தஸ்தகீர் தலையைக் குனிந்துகொண்டார். ஜைத்தூன் பீயின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது.

அதுவரை போனை விட்டு நிமிராத அப்சானா, கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தாள்.

"அழுவாதம்மா. மாமி கொஞ்சம் தள்ளிக்குவாங்க, புர்காவத் தூக்கிட்டு உன் கட்டுப் போட்ட காலையும் அது மேல வையி. இந்த ஸ்டூலுக்கு அளவு எடுக்கத்தான இவ்ளோ தூரம் வந்தோம்?"

கண்ணுகளா, உங்கள் வீட்டில் வந்த புண் ஆறட்டும், ஆறிய புண் வழி மறந்து போகட்டும். நின்று நின்று அலுத்து வரும் எல்லாக் காலுக்கும் உங்கள் வீட்டில் நீட்ட ஒரு திசை எப்போதும் இருக்கட்டும்.