மீன் பெட்டிக்குள் ஒரு கியூபா சுருட்டு

வடசென்னையில் சுருட்டுப் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் வாழ்நாளில் ஒரு இழுப்புகூட இழுக்காமல், உலகத்திலேயே உசத்தியான சுருட்டு தான் சுற்றுவதுதான் என்று மார்தட்டிய ஒரே மனிதர் எங்கள் எர்ணாவூர் கியூபாதான். பாதிரியார் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால், அவருடைய பக்கத்து வீட்டுக்காரரே “அப்பிடி ஆரும் இங்க இல்லியே” என்பார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்பு ஒரு சரக்குக் கப்பல் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நகராமல் நின்றதாம். அதில் கியூபா தேசத்துச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். வேலை இல்லாத நேரத்தில் அவர்தான் இவருக்குச் சுருட்டுச் சுற்றக் கற்றுக்கொடுத்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவர் பாஷை தெரியாது.

“அப்புறம் எப்பிடி மாமு பேசிக்கினீங்க?” என்று கேட்டேன்.

“கைதான நைனா சுத்துது, வாயா சுத்துது?”

கப்பல் கிளம்பியபோது சமையல்காரர் ஒரு கைக்குட்டையில் புகையிலை விதையை முடிந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவர் வீட்டு மொட்டை மாடியில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்களில் கியூபா வளர ஆரம்பித்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறந்து வந்து இலைமேல் படியும். ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைப்பார், குழந்தைக்கு மூக்கு சிந்தி விடுவதுபோல. “ஊர்ல சுருட்டு பத்த வச்சாதான் சாம்பல் வரும். நம்ம சுருட்டுக்குச் செடியிலயே வந்துடுது பாரு” என்று அதற்கும் பெருமை.

சரி, ஏன் பிடிப்பதில்லை? கல்யாணத்தன்று ரெஜினா அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டார். “புடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். சுத்த மாட்டேன்னு சொன்னேனா?” என்பார். அக்காவும், “எதோ சீட்டாடாம, சாராயம் குடிக்காம மாடில கெடக்குதே” என்று விட்டுவிட்டார்.

ஆனால் சுற்றிய சுருட்டு எப்படி இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டுமே? அந்த வேலைக்கு நான். இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் மாடிக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிடும். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அவரே தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்து, எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்ப்பார். நான் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

“இப்போ இன்னா வருது?”

“வறுத்த முந்திரி மாதிரி மாமு.”

“அப்பால?”

“கருப்பட்டி காப்பி.”

“அப்பால?”

“கொஞ்சமா… வஞ்சிரம்.”

முகம் சுருங்கிவிடும். விஷயம் இதுதான். சுருட்டு காய்ந்துபோகாமல் ஈரப்பதத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகக் காசிமேட்டிலிருந்து பழைய தெர்மோகோல் மீன் பெட்டி ஒன்றை வாங்கி, உள்ளே ஈரத்துணி போட்டு, அதில்தான் அடுக்கி வைப்பார். புளி போட்டுக் கழுவினார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், வெயிலில் காயவைத்தார். வஞ்சிரம் போகவில்லை. கடைசியில் சமாதானம் கண்டுபிடித்துவிட்டார். “அது மீன் இல்ல நைனா, கடல். கியூபா தீவாச்சே. நாலு பக்கமும் தண்ணி.”

கேலி இருக்கட்டும். அந்தச் சுருட்டு அருமையாக இருக்கும். கீழே நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு மல்லுக்கட்டும். மேலே நான் ஒருவன் மட்டும் அவசரமே இல்லாதவனாகப் புகை விட்டுக்கொண்டிருப்பேன். பட்டறை இரும்புத்தூள் தொண்டையை விட்டு இறங்கிப் போவதுபோல இருக்கும். கடற்காற்று புகையை அவர் பக்கம் தள்ளும்போது, சத்தியத்துக்குப் பங்கம் வராமல் அவர் லேசாக மூச்சை இழுப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய ஒரே மகள் ஷீலாவுக்குச் சம்பந்தம் வந்தது. வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனை விரும்பினாள், பையனும்தான். பையனின் அப்பா தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து கொருக்குப்பேட்டையில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி. இவர்களைப்போலவே கோவிலுக்குப் போகிற வேதக்காரர், நல்ல மனிதர். ஆனால் புகை என்றால் ஆகாது. மூத்த பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், வாசலில் பீடித் துண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டுக் காரை விட்டு இறங்காமலே திரும்பி வந்தவராம்.

“வீட்டைப் பார்த்துட்டுதான் பதில்” என்று சொல்லி அனுப்பினார். ஷீலா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ரெஜினா அக்கா ஆணை போட்டார். “த பாருய்யா. ஞாயித்துக்கெழமை உன் கியூபா ஒரு துண்டு இந்த வூட்ல கண்ணுல பட்டுச்சு, பொண்ணு கண்ணாலம் நின்னுச்சுன்னு வையி, டிரம்மோட சேத்து உன்னியும் கீழ உருட்டி வுட்ருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கியூபா சைக்கிள் கேரியரில் தெர்மோகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தூக்கினேன். தோள்பட்டை இறங்கிவிட்டது.

“இன்னா மாமு இவ்ளோ கனம்?”

“ஹவானா இன்னா லேசா? ஈரத்துணி வச்சிக்கிறேன் நைனா. பத்திரம்.”

பூசை முடிந்து விருந்தாளிகள் வருகிற நேரம். என் வீட்டில் வைத்திருந்த பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கோடு போட்டு ஓடி வந்தது. மூடியைத் திறந்தேன். ஐஸுக்கு நடுவில் ஒரு முழு வஞ்சிரம் என்னை முறைத்தது. விருந்துக்கென்று அக்கா விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து அதே மாதிரிப் பெட்டியில் வாங்கிவந்த மீன்! அப்படியென்றால் சுருட்டுப் பெட்டி?

பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மீன் வெட்டுவதற்காக அக்கா, வந்தவர்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்தே பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே மாநிறத்தில், வழவழப்பாக, வரிசையாகச் சுருட்டுகள். ஷீலா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி கையில் ஒரு சுருட்டு.

“இதெல்லாம் யாரு பிடிக்கது?” என்றார்.

“நான் புடிக்க மாட்டேன் அண்ணாச்சி. மாதா சத்தியமா.”

“பின்ன யாரு?”

ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்ற என்னை கியூபா கை காட்டினார். “தோ, இவன்.”

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, மண்டியில் வற்றலைச் சோதிப்பதுபோல, சுருட்டைக் கட்டை விரலால் மெல்ல அமுக்கினார். காதருகே வைத்து ஆட்டினார். வியாபாரி மூளை விழித்துக்கொண்டது.

“ஈரம் பதமா நிக்கே! எங்க மண்டிக் கிட்டங்கியில கடக்காத்துக்கு வத்தல் பூசணம் பூத்துப் போவுது. நீரு எப்படி வச்சீரு?”

கியூபாவுக்கு இது போதாதா? மகள் கல்யாணத்தையே மறந்துவிட்டார். உள்ளே வைக்கிற இலை, அதைக் கட்டுகிற இலை, மேலே போர்த்துகிற இலை என்று மூச்சுவிடாமல் பேசி, “என் சுத்துல சாம்பல் ஒரு விரல் நீளத்துக்கு வுயாம நிக்கும் அண்ணாச்சி!” என்று முடித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“அப்படியா? மாடிக்கு வாங்க. இவரு பத்த வைக்கட்டும். சாம்பல் நிக்கான்னு நான் பாக்கேன். உம்ம கை சும்மா இருக்கான்னும் பாக்கேன். பொறவு பேசுவோம்.”

ஆக, ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயில் வந்து நின்றது. சுற்றிலும் இரண்டு குடும்பம். அக்கா கையில் ஜெபமாலை. நான் இருமவில்லை, தும்மவில்லை, திரும்பவில்லை. சாம்பல் வெள்ளையாக வளர்ந்தது. அரை விரல். முக்கால் விரல். அண்ணாச்சி குனிந்து குனிந்து பார்த்தார். கியூபா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஆனால் உதடு தானாக “இப்போ இன்னா வருது” என்று அசைந்தது.

ஒரு விரல் ஆகப்போகிற நேரத்தில் அண்ணாச்சி என் முகத்துக்கு நேராக வந்து கேட்டார்: “நீரு சொல்லும். இவரு எப்படிப்பட்ட மனுசன்?”

பேசினால் சாம்பல் போய்விடும். பேசாவிட்டால் மனுசனே போய்விடுவார். சுருட்டை வாயிலிருந்து எடுத்தேன்.

“அண்ணாச்சி, தான் புடிக்காத சுருட்ட, நான் ‘நல்லாகீது’ன்னு சொல்ற ஒரு வார்த்தைக்காக வருசக்கணக்கா சுத்திக்கினு கீறாரு. அடுத்தவன் சந்தோசத்துக்கே இப்பிடின்னா, பெத்த பொண்ணுக்கு இன்னா செய்வாருன்னு நீங்களே பாத்துக்குங்க.”

சாம்பல் விழுந்தது. அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியில், நட்டநடு மடியில். அக்கா “மாதாவே” என்றார். அண்ணாச்சி வேட்டியைப் பார்த்தார். தட்டிவிட்டார். கியூபாவின் கட்டிய கைகளைப் பார்த்தார்.

“இவ்வளவு வாசத்துலயும் உம்ம கை நீளலையே வே” என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “அந்த மீனைப் பொரிங்கம்மா. கை நனைச்சிட்டே போறோம்” என்றார்.

சம்மதம் இல்லாத வீட்டில் யாராவது கை நனைப்பார்களா? ஷீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கியூபா மட்டும் என் காதருகே வந்து, “ஒரு விரலு தாண்டிச்சா நைனா?” என்று கேட்டார். “தாண்டிச்சு மாமு” என்றேன்.

கல்யாணத்தன்று மேடையில் குடும்பப் படம் எடுக்கிற நேரம். நான் கீழே பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கியூபா கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையிலிருந்தே கத்தினார். “யோவ் போட்டோகாரரே, நில்லு. எங்க ஆளு ஒர்த்தன் வரணும்.” போட்டோகாரர், “சார், இது குடும்பத்துக்கு மட்டும்” என்றார். “அதான் சொல்றேன். அவன் என் மூக்கு நைனா. மூக்கு இல்லாம படம் எடுத்தா மூஞ்சி நல்லாவா இருக்கும்?”

இப்போது அந்தப் படம் என் பட்டறையில் மாட்டியிருக்கிறது. அதில் என் கண் கலங்கியிருக்கும். பார்க்கிறவர்கள் சுருட்டுப் புகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மண்டபத்துக்குள் அன்றைக்கு யாரும் எதையும் பற்றவைக்கவில்லை.