சொல்லிக் கொடுத்தவருக்கு வியாழக்கிழமை

செப்டம்பரில் எலெரி பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். முதல் வாரமே கணக்குப் பரீட்சை. அதில் கோட்டை விட்டால் கடைசிப் பிரிவில் தள்ளிவிடுவார்கள். அந்தப் பிரிவில் உட்கார்ந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது அவள் அப்பன் எம்ரிஸுக்குத் தெரியும். கோழி ஆலையில் அவனுக்கு இரண்டு பக்கமும் கத்தியோடு நிற்கிறார்கள்.

"இந்தக் கோடையில நீதான் அவளுக்குக் கணக்கு சொல்லித் தர்றே," என்றாள் அவன் மனைவி ரியானன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "இல்லேன்னா வியாழக்கிழமை கிடையாது."

சுரங்கம் மூடி, தகர ஆலை மூடி, தேவாலயமும் கார்ப்பெட் கடையாகிவிட்ட அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் ஆண்களுக்கு மிஞ்சியது வியாழன் மாலை மட்டும்தான். அன்றுதான் பப் என்கிற மதுக்கடையில் டார்ட்ஸ் ஆட்டம்: எண் போட்ட வட்டப் பலகையில் குட்டி அம்பு எறிவது. மற்ற நாட்களில் செத்த கோழிகூட மதிக்காத எம்ரிஸ், முதுகில் பெயர் போட்ட அணியின் சிவப்புச் சட்டைக்குள் அன்று மட்டும் ஓர் ஆள்.

"சொல்லிக் கொடுத்தவங்களுக்கு வியாழக்கிழமை. பேச்சு மாறக்கூடாது!" என்றான் வீரமாக.

"மாறமாட்டேன், கண்ணு."

வெளியே மழை. உள்ளே பின்னம்.

"அப்பா, பாதியால வகுத்தா எப்படி ரெண்டு மடங்காகுது?"

"இந்தக் கேள்வியைப் பாத்துதான் அப்பா பள்ளிக்கூடத்தையே விட்டேன்."

மூன்றாம் நாள் அவனுக்கு ஞானோதயம். சமையலறைச் சுவரில் டார்ட்ஸ் பலகையை மாட்டினான்.

"இது என்ன கூத்து?" என்றாள் ரியானன்.

"கூத்து இல்லடி, கணக்கு! ஐந்நூத்தி ஒண்ணுல ஆரம்பிக்கணும். நான் எறியறேன், விழற நம்பரை அவ கழிக்கட்டும். ரெண்டு மடங்கு, மூணு மடங்கு எல்லாம் இதுல இருக்கு. எல்லாம் பிள்ளைக்காகத்தான்."

"பாவம், பிள்ளைக்காக எவ்வளவு கஷ்டப்படறே. ஒரு நாள்கூட விட்டுடாதே."

எறிந்தான். பலகை தப்பிச் சுவரில் சில ஓட்டைகள். எலெரி கழித்தாள். ஆகஸ்டில் ஆலையில் பாதிப் பேர் லீவு போட, எம்ரிஸுக்கு இரட்டை ஷிஃப்ட் விழுந்தது.

"இனிமே யார் எறியறது?" என்றாள் எலெரி.

"நான் எறிஞ்சு தொலைக்கறேன்," என்றாள் ரியானன். "கழிக்கறதுக்கு ஏதோ ஒரு நம்பர் விழுந்தாப் போதும்தானே?"

எம்ரிஸ் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனான். முதல் வாரம் புதிய ஓட்டைகள் விழுந்தன. பிறகு ஒன்றுகூட இல்லை. அலுத்துப்போய் நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

செப்டம்பர் வந்தது. பரீட்சை முடிந்தது. எலெரிக்கு இரண்டாம் பிரிவு! எம்ரிஸ் குடும்பத்தில் யாரும் அந்த உயரத்தைப் பார்த்ததில்லை. வியாழன் மாலை குளித்துத் தலை சீவி அலமாரியைத் திறந்தான். சட்டையைக் காணோம்.

சட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தது. உள்ளே ரியானன். இடுப்பில் பிடித்துத் தைத்திருந்தாள்.

"டில்வின் போன வாரம் வந்து நான் எறியறதைப் பாத்தான். உன் இடத்துல என்னை ஆடச் சொல்லிட்டான்."

டில்வின்தான் அணித் தலைவன். இருபது வருஷச் சிநேகிதன்.

"அது என் இடம்டி! என் வியாழக்கிழமை!"

"சொல்லிக் கொடுத்தவங்களுக்குன்னு நீதானே சொன்னே? ஆகஸ்ட் முழுக்க எறிஞ்சது யாரு? எலெரி, நீயே சொல்லு."

"அம்மாதான்," என்றாள் எலெரி, கோட்டை மாட்டிக்கொண்டே.

"நீ எங்கே கிளம்பறே?"

"ஸ்கோர் எழுத. டில்வின் மாமா கூப்பிட்டாரு. அங்க யாருக்கும் ஒழுங்கா கழிக்கத் தெரியலையாம்."

"முதுகுல உன் பேரைப் பிரிக்கலே, பாத்துக்கோ," என்றாள் ரியானன். "மேசைமேல சுண்ணாம்புப் பட்டி குழைச்சு வச்சிருக்கேன். சும்மாதானே இருக்கே, சுவத்து ஓட்டையை அடைச்சிடு."

"எல்லாம் நீ போட்ட ஓட்டை! நான் ஏன் அடைக்கணும்?"

எலெரி வாசலில் நின்று திரும்பினாள். "அதுல முக்கால்வாசி உன்னுதுப்பா. எண்ணிப் பாத்துட்டேன்."