என்னைச் சாந்தப்படுத்திய குளிசை

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு நோய், வருத்தம் என்று வந்துவிட்டால் ஊரில் எல்லாரிடமும் விசாரிப்பார்கள், வருத்தக்காரனைத் தவிர. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். (பற்றாமல் என்ன செய்யும்? ஒரு போக நெல்லல்லவா போனது!)

அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதி, தரப்படுத்தல் என்ற புள்ளிக் கணக்கில் பல்கலைக்கழகமும் கைநழுவி, ஒட்டுசுட்டான் பக்கம் என்னைப் பெற்ற ஐயாவின் குடியேற்றக் காணியில் நின்றேன். ‘நின்றேன்’ என்பது சும்மா பேச்சுக்கு. என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனால், வழியில் பழுதாகிக் கிடக்கும் உழவு இயந்திரத்தைக் கழற்ற உதவிவிட்டு, மண்ணெண்ணெயும் இல்லாமல் சைக்கிளும் இல்லாமல் வீட்டுக்கு வருவேன். வயலுக்குத் தண்ணீர் திறந்தால் அடைக்க மறந்துவிடுவேன். அந்த நேரம் யாருக்காவது தேனீ வளர்ப்பை விளக்கிக்கொண்டிருப்பேன். (தேனீயை நான் வளர்த்ததில்லை. வாசித்திருந்தேன்.)

ஆனால் யானைக் காவலில் என்னை வெல்ல ஆளில்லை. காட்டோரம் ஒரு சுள்ளி முறிந்தால் போதும், யானை துதிக்கையை நீட்டுமுன் வெடி கொளுத்தியிருப்பேன். அயல் வயல்காரர்கூட என்னை நம்பித்தான் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள்.

அது ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. பக்கத்து வீட்டார் பித்தம் என்றார்கள். அம்மா கண்ணூறு என்றார். கலியாணம் கட்டினால் சரிவரும் என்றவர்களைக் கூட்டினால் அந்தக் கலியாணத்துக்கே சனம் போதும். கடைசியில் அக்காவின் புருஷன், சங்கக்கடை மனேச்சரான அத்தான், என்னை வவுனியாவில் தனக்குத் தெரிந்த ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்.

டொக்டர் தலை நிமிராமலே கேட்டார்: “என்ன செய்யுது?”

நான் வாயைத் திறந்தேன். சத்தம் அத்தானிடமிருந்து வந்தது.

“ஒரு இடத்தில இருப்பில்லை டொக்டர்.”

“நித்திரை?”

“கொள்ளமாட்டான்.”

(பச்சைப் பொய். காவல் இல்லாத நாளில் பிரேதம்போலக் கிடப்பேன்.)

“கோபம்?” என்றார் டொக்டர்.

“அதைச் சொல்லி வேலையில்லை.”

“எனக்கெங்க கோபம்?” என்று மேசையில் குத்திக்கொண்டு எழும்பினேன். மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸ் விழுந்து உடைந்தது. டொக்டர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நரம்பு” என்றார். குளிசை எழுதினார்.

குளிசை நன்றாக வேலை செய்தது. அதுதான் கொடுமை. கதிரையில் இருத்தினால் எழுப்பும்வரை கதிரையில் இருந்தேன். “பாருங்கோ, பிள்ளை எவ்வளவு அமைதியா இருக்கிறான்!” என்று அம்மா பூரித்தார். அத்தான் ஊரெல்லாம் தன் கெட்டித்தனத்தைச் சொல்லித் திரிந்தார். கதிர் முற்றி அறுவடை நெருங்கியிருந்தது. அந்தச் சாந்த சொரூபியையே காவலுக்கும் அனுப்பினார்கள்.

பொழுதுபடும் நேரம் ஒரு யானை வந்தது. என் கையில் வெடி இருந்தது, பக்கத்தில் நெருப்பும் இருந்தது. கொளுத்த வேண்டும் என்ற எண்ணமும் வந்தது, ஆனால் மாட்டு வண்டிலில் வந்தது. யானை நெற்கதிர்களைச் சுருட்டிப் பிடுங்கி, காலில் தட்டி, வாயில் வைக்கும் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா வரம்பால் ஓடிவந்தார். “டேய், வெடியைக் கொளுத்தடா!”

“கொளுத்துறன் ஐயா,” என்றேன் மரியாதையாக. “அது சாப்பிட்டு முடியட்டும்.”

ஐயா வெடியைப் பறித்துக் கொளுத்துவதற்குள் யானைக் கூட்டமே வயலுக்குள் இறங்கிவிட்டது. தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் சோறு என்றால் மரவள்ளிக் கிழங்குதான். ஐயா வரம்பில் குந்தி, மிதிபட்ட ஒரு பயிரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். அது நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அழுகைகூட வரவில்லை. என் அழுகையையும் சேர்த்தல்லவா அடக்கியிருந்தார்கள்! நெல் போனதை மறப்பேன், இதை மறக்க மாட்டேன்.

“கவனமில்லாதவன்” என்று எனக்கே பழியைப் போட்டார் அத்தான்.

குளிசையை அடுப்புக்குள் எறிந்தேன். வேறொரு டொக்டரிடம் போனேன். அத்தானும் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தார். புதிதாக வந்த பெண் டொக்டர் அவர். அவர் செய்த முதல் வைத்தியம் அத்தானை வெளியே இருக்கச் சொன்னதுதான்.

“சின்னனில இருந்தே இப்பிடியோ?” என்று என்னைக் கேட்டார். (என்னை!)

“ஓம் டொக்டர்.”

“இதுக்குப் புத்தகத்தில ஒரு பேர் இருக்கு. ஆனால் சின்னப்பிள்ளையளுக்கு வாறதெண்டுதான் எழுதியிருக்கு. வளர வளரப் போயிடுமாம்.”

“எனக்கு மீசை முளைச்சுக் கனகாலம் டொக்டர்.”

“அது புத்தகம் எழுதினவைக்குத் தெரியாது போல,” என்று சிரித்தார். “அதுக்குரிய மருந்து இஞ்ச இல்லை. காலமை கடுங்கோப்பி குடிச்சுப் பாருங்கோ. நித்திரைக் குளிசை மட்டும் வேண்டாம்.”

பெயர் இருக்கிறதாம்! குரங்கு, அரைலூசு என்று பெயர் வைத்து என் முதுகில் பிரம்பை முறித்த வாத்திமார் எல்லாரும் என் கண்முன் வரிசையில் நின்றார்கள். அழுகை அப்போதுதான் வந்தது. கோபத்தோடுதான் வந்தது.

கோப்பி கொஞ்சம் உதவுகிறது. எங்கள் குடும்பமோ என்னை விடுவதாக இல்லை. குளிக்கப் போனவர் சுணங்கினாலும், ஐயர் மந்திரத்தை இழுத்தாலும், “அது சாப்பிட்டு முடியட்டும்” என்பார்கள். என் கலியாணப் பந்தலிலும் சொன்னார்கள். இந்தக் கதையை நடித்துக் காட்டுவதில் அத்தான் மன்னன். யானையாக வருவார், ஐயாவாக வருவார், நானாகவும் வருவார். குளிசை வாங்கித் தந்த அத்தானாக மட்டும் ஒருநாளும் வரமாட்டார்.

போன பொங்கலுக்கு வந்த அத்தான் மூன்றாம் தரமும் சோறு போட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். ஒழுங்கை முனையில் பஸ் ஹோர்ன் அடித்தது.

“இஞ்சாருங்கோ, பஸ் போகப்போகுது!” என்று வாசல் படலையில் நின்று கத்தினார் அக்கா.

“பொறு அக்கா,” என்றேன் நான். “அது சாப்பிட்டு முடியட்டும்.”

ஐயாதான் முதலில் சிரித்தார்.