அக்கா என்றொரு பழைய சிஸ்டம்

ஆயத்தம் பார்ப்பவர் என்று ஓர் இனம் உலாவுகிறது, கவனித்திருக்கிறீர்களா? ஒரு கம்பெனி தன் வேலைகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கத் தயாரா இல்லையா என்று மதிப்பெண் போடுகிற மகானுபாவர். வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார். சார்ஜருக்கு இடம் கேட்பார். ஏசியைக் கூட்டச் சொல்லிக் கேட்பார். வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் கேட்கமாட்டார். எதற்குக் கேட்க வேண்டும்? அதற்குத்தான் படிவம் இருக்கிறதே!

எங்கள் கம்பெனிக்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவு வாங்கிக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அளவுச் சீட்டெல்லாம் என் பக்கத்து மேஜை அக்காவிடம்தான் போகும். எந்த மேஸ்திரி உயரத்தை முதலில் எழுதுவார், எந்தத் தச்சர் அங்குலத்தில் எழுதிவிட்டு மில்லிமீட்டர் என்று சாதிப்பார், யார் போடும் ஏழு ஒன்று மாதிரி இருக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பதினாறு வருஷம்! வீட்டில் கணவர் படுத்த படுக்கை. இந்த மேஜையை நம்பித்தான் அங்கே அடுப்பு எரிகிறது.

படிவத்தில் நாலாவது கேள்வி, "அளவுச் சீட்டு சரிபார்ப்பது எதன் மூலம் நடக்கிறது?" முப்பது பேர் நிரப்பினோம். முப்பது பேரும் எழுதியது ஒரே வார்த்தை: அக்கா.

ஆசாமி என்ன செய்தார் தெரியுமா? அக்கா தன் ஃபேனைப் பிடுங்கிவிட்டு ஒழித்துக் கொடுத்த பிளக்கில் சார்ஜரைச் செருகிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், அக்கா என்பது ஏதோ மென்பொருள் என்று முடிவு கட்டினார். அறிக்கையும் எழுதிவிட்டார்: "அக்கா. பழைய சிஸ்டம். மாற்று நகல் கிடையாது. மாலை ஐந்தரைக்கு மேல் இயங்குவதில்லை. உடனே நீக்கலாம். ஆயத்தம் 91 சதவீதம்."

எங்கள் முதலாளி எதிலும் கடைசி வரியை மட்டும் படிப்பவர். தொண்ணூற்றொன்றைப் பார்த்ததும் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். அவர் அறைக்கு ஓடினேன்.

"சார், அக்கான்னா நம்ம அக்கா சார்!"

"யாரா இருந்தா என்னய்யா? தொண்ணூத்தொண்ணு வந்திருக்கு. ஒருத்தருக்காக மார்க்கைக் குறைக்கச் சொல்றியா?"

எந்தக் கடிதமும் அக்கா பார்க்காமல் எங்கள் ஆபீஸை விட்டுப் போகாது. அவரை நிறுத்தும் கடிதமும் அவரிடமே வந்தது. படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பேனாவை எடுத்தார்.

"தம்பி, ஒண்ணாந்தேதிலேர்ந்து வர வேணாம்னு போட்டிருக்கு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, எப்படியும் லீவுதானே? ரெண்டுன்னு திருத்திட்டேன். அனுப்பிடு."

பாவி மனுஷி!

அந்த ஆளைத் திட்ட வேண்டும் போலிருக்கிறதா? தாராளமாகத் திட்டுங்கள். அதற்குமுன் உங்களை ஒன்று கேட்கிறேன். காலையில் உங்கள் சட்டை எப்படித் தேய்த்து மாட்டியிருக்கிறது? உங்கள் அப்பாவுக்கு மாத்திரை எப்படி வேளை தவறாமல் போகிறது? தீர்ந்துபோன பற்பசை எப்படி மறுநாள் புதிதாக முளைக்கிறது?

"அதெல்லாம் அது பாட்டுக்கு நடக்குதுங்க" என்கிறீர்களா? கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் ஐயா. கதவுக்குப் பின்னால் ஒருத்தி கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.